வாடகைக்கு இருந்தவர்: லண்டன் – கிராக்கோவ் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, ஈஸ்ட் ஹாம்

மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஊர்சுற்றக் கிளம்பியிருக்கிறோம், வீட்டு ஆண்களுக்கு அதுவே பெரிய ஆச்சரியம். மாமியார் லண்டனிலேயே பிறந்து வளர்ந்த யூதப் பெண்மணி, வயது 76, முழங்கால் வலி உண்டு, பிடிவாதம் அதைவிட அதிகம் உண்டு. இந்த ஊர் வழக்கப்படி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மதுரையில் வளர்ந்த எனக்கு அது வாயில் வரவில்லை, அதனால் கல்யாணமான புதிதிலிருந்தே அத்தைதான், இப்போது அவரே போனில் ‘அத்தை பேசறேன்’ என்று தமிழில் ஆரம்பிக்கிறார்.

விஷயம் இதுதான். போன பிறந்தநாளுக்கு என் கணவர் அவருக்கு ஒரு டிஎன்ஏ பரிசோதனைப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். முடிவு வந்தபோது நெருங்கிய சொந்தம் என்று லீட்ஸ் நகரில் இருக்கும் ஒருவரைக் காட்டியது. அவருடைய குடும்பப் பெயரைப் பார்த்ததும் அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘இது எங்க தாத்தா வீட்டுல வாடகைக்கு இருந்தவரோட பேராச்சே!’ உயிரோடு இருப்பவர்கள் சம்பந்தப்பட்டது என்பதால் பெயர்களை எழுதப் போவதில்லை. அத்தையின் தாத்தா குடும்பத்தை ‘ப’ என்றும் வாடகைக்காரர் குடும்பத்தை ‘க’ என்றும் வைத்துக்கொள்வோம்.

டிஎன்ஏ சொல்லிவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பல நூறு ஆண்டுகள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அதனால் சம்பந்தமே இல்லாத இரண்டு பேரை ஒப்பிட்டாலும் ஏதோ ஒரு தூரத்து உறவு வந்து நிற்கும், தூரத்து உறவு கிட்டத்து உறவு போலத் தெரியும். காகிதத்தில் பிடித்தால்தான் உண்டு. லீட்ஸ்காரர் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார், அத்தை இன்னும் பதில் போடவில்லை, ‘நிச்சயமாத் தெரியாம நான் யார்கிட்டயும் போய் சொந்தம் கொண்டாட மாட்டேன்’ என்கிறார்.

இன்று போனது கல்லறைத் தோட்டத்துக்கு. யூதக் கல்லறைகளுக்குச் சனிக்கிழமை போக முடியாது, ஞாயிறு காலை திறந்துவிடுவார்கள். தாத்தாவின் கல்லை அத்தைக்குத் தெரியும். ‘க’வின் கல்லை வரிசை எண் வைத்துத் தேடிக் கண்டுபிடித்தோம். இரண்டு கல்லிலும் மேலே ஒரு குடுவை செதுக்கியிருக்கிறது, மூக்கு நீண்ட, கைப்பிடி வைத்த குடுவை. அது லேவியர்களின் அடையாளம். ஆசாரியர் வம்சத்தினர் சபையை ஆசீர்வதிக்கப் போகும்முன் அவர்கள் கையில் தண்ணீர் ஊற்றுவது லேவியர் வேலை, அதனால் குடுவை. ஆசாரியர் வம்சம் என்றால் விரல் பிரித்து வைத்த இரண்டு கைகள் இருக்கும். அப்பனிடமிருந்து மகனுக்குப் போகிற அடையாளம் இது, பெண் வழியாக வராது.

ஆங்கிலத்தில் பெயரும் வயதும்தான் இருந்தன. கீழே எபிரேய எழுத்து. அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாசியைக் கைக்குட்டையால் துடைத்து, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். எபிரேயத்தில் குடும்பப் பெயர் வராது, இன்னார் மகன் இன்னார் என்று மட்டும்தான் வரும். இரண்டு கல்லிலும் அப்பா பெயர் ஒன்றே.

லேவியர் என்பதும் பொருந்துகிறது, அப்பா பெயரும் பொருந்துகிறது. ஆனால் அந்தப் பெயர் நம்மூர் முருகன் மாதிரி, தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். அதனால் இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆளுக்கொரு கூழாங்கல்லை இரண்டு கல்லறை மேலும் வைத்துவிட்டு வந்தோம்.

திங்கள், கியூ

தேசிய ஆவணக்காப்பகம் கியூவில், தேம்ஸ் ஓரம், சுற்றிலும் குளம், குளத்தில் வாத்து. உள்ளே பேனா கூடாது, பென்சில் மட்டும். கைப்பையை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அத்தை தன் இருமல் மாத்திரைக்காகக் காவலரிடம் பேரம் பேசித் தோற்றார்.

இங்கிலாந்தில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை சென்சஸ், 1841 முதல் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். 1921 வரை மக்கள் பார்வைக்கு வந்துவிட்டது. அதற்கு அடுத்ததற்காக யாரும் காத்திருக்க வேண்டாம், 1931 சென்சஸ் தாள்கள் 1942 டிசம்பரில் தீயில் போய்விட்டன, 1941-ல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. இடையில் கைகொடுப்பது 1939 செப்டம்பர் 29-ஆம் தேதி எடுத்த பதிவேடு மட்டும்தான்.

எங்களுக்கு வேண்டியது 1901. மார்ச் 31 இரவு, ஓல்டு மாண்டகியூ தெரு, ஒயிட்சேப்பல் பக்கம். குடும்பத் தலைவர் ‘ப’, வயது 27, தையற்கடையில் இஸ்திரி போடுபவர். மனைவி. இரண்டு வயதில் ஒரு குழந்தை. அப்புறம் ‘க’, வயது 23, அதே தொழில், உறவு என்ற கட்டத்தில் ‘வாடகைக்குத் தங்கியிருப்பவர்’. பிறந்த இடம் இருவருக்கும் ஆஸ்திரியா, அவ்வளவுதான். வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் ஊர் பெயரைக் கேட்டு எழுதும் பொறுமை கணக்கெடுப்பாளர் பலருக்கு இல்லை.

1911 தாள் வேறு மாதிரி. அந்த வருடம்தான் வீட்டுக்காரர் தன் கையால் நிரப்பிய தாளே அப்படியே சேமிக்கப்பட்டது. முந்தைய ஆண்டுகளில் அவற்றைப் புத்தகத்தில் படியெடுத்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். எனவே திரையில் இருப்பது தாத்தாவின் கையெழுத்து. ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார், வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய கை என்பது சாய்விலேயே தெரிகிறது. கல்யாணமாகி 13 வருடம், பிறந்த குழந்தைகள் 6, உயிரோடு இருப்பவை 4, இறந்தவை 2. இதை மனைவி வரிசையில் எழுதியிருக்க வேண்டும், தன் வரிசையில் எழுதிவிட்டார், யாரோ ஓர் அதிகாரி அடித்துவிட்டுக் கீழே மாற்றி எழுதியிருக்கிறார். அத்தைக்குத் தெரிந்து அப்பாவையும் சேர்த்துப் பிள்ளைகள் நாலு பேர்தான். இறந்துபோன இரண்டைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. கொஞ்ச நேரம் அந்தத் தாளை மூட விடவில்லை.

கல்யாணச் சான்றிதழ்கள் கையில் இருந்தன. 1837-ல் அரசுப் பதிவு தொடங்கியதிலிருந்தே யூதத் தொழுகைக்கூடத்தின் செயலாளரே பதிவாளர் வேலையும் பார்ப்பார், அதனால் ஒரே சடங்கில் மதமும் சட்டமும் முடிந்துவிடும். தாத்தாவின் 1898 சான்றிதழில் அப்பா பெயருக்குப் பின்னால் ‘ப’. ‘க’வின் 1904 சான்றிதழில் அப்பா பெயருக்குப் பின்னால் ‘க’. ஆக இரண்டு வெவ்வேறு அப்பாக்கள். இதோடு பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் மணமகன் ‘ப’ என்றால் அவன் அப்பாவும் ‘ப’வாகத்தான் இருப்பார் என்று எழுத்தர் கேட்காமலே எழுதிவிடுவது சர்வ சாதாரணம். அந்தக் கட்டத்தை நான் கல்வெட்டு மாதிரி நம்புவதில்லை.

மதியத்துக்கு மேல் தாத்தாவின் குடியுரிமைக் கோப்பு வந்தது, உள்துறைக் கோப்பு வரிசை 144. இது இருந்தால் அதிர்ஷ்டம், ஏனென்றால் கிழக்கு லண்டன் ஏழைகளில் பெரும்பாலோர் கட்டணத்துக்குப் பயந்து குடியுரிமை பக்கமே போகவில்லை. 1907. போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டு, ஆங்கிலம் பேசுகிறார், சுமாராகப் படிக்கிறார் என்று எழுதியிருக்கிறார். பிறந்த ஊர்: கிராக்கோவ். ‘க’ பெயரில் கோப்பு எதுவும் இல்லை. அவர் கடைசிவரை வெளிநாட்டவர். இதை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய், விமானம்

எழுத ஒன்றும் இல்லை. கிராக்கோவின் பாலிட்ஸே விமான நிலையத்தில் இறங்கும்போது மழை. அத்தை பன்றி இறைச்சி தொடமாட்டார், நான் எந்த இறைச்சியும் தொடமாட்டேன், பரிமாறியவர் எங்கள் இருவரையும் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியெரோகி கொண்டுவந்தார். கிட்டத்தட்ட சோமாஸ், ஆனால் வேகவைத்தது. நன்றாக இருந்தது.

புதன், கிராக்கோவ்

முதலில் ஊர்க்கதை. 1772-ல் போலந்தைப் பங்குபோட்டபோது ஆஸ்திரியாவுக்கு வந்த பகுதி கலீசியா, கிராக்கோவ் அதில் நிலையாகச் சேர்ந்தது பின்னாளில். இரண்டாம் ஜோசப் பேரரசர் 1787-ல் ஆணையிட்டு, 1788 ஜனவரி முதல் யூதர்கள் எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அதுவரை இன்னார் மகன் இன்னார்தான், நம் இனிஷியல் போல. பெயர் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் கல்யாணத்துக்கு வரி போட்டார்கள், அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணமக்கள் ஜெர்மன் மொழியில் அச்சான ஓர் ஒழுக்கப் பாடநூலில் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்றுகூட வைத்தார்கள். யூதர்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதுதான் நோக்கம்.

மக்கள் என்ன செய்தார்கள்? ஹுப்பா என்ற விதானத்தின் கீழ் நின்று, கண்ணாடியை மிதித்து உடைத்து, கெத்துபா ஒப்பந்தம் எழுதிக் கல்யாணத்தை முடித்துக்கொண்டார்கள், அரசு அலுவலகப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. 1860-களில் கட்டுப்பாடுகள் போன பிறகும் பழக்கம் போகவில்லை. சட்டப்படி செய்வதென்றால் இருவரின் பிறப்புச் சான்றும் வேண்டும், மூன்று முறை அறிவிக்க வேண்டும், அங்கீகரித்த ரபி, அதாவது யூத மதகுரு, வேண்டும், எல்லாவற்றுக்கும் காசு. ஊர் முழுக்கத் தெரிந்த கணவன் மனைவி, ஆனால் அரசின் கண்ணில் கல்யாணமாகாதவர்கள். அவர்களின் குழந்தைகள் பதிவேட்டில் முறைதவறிப் பிறந்தவர்கள், குடும்பப் பெயர் அம்மாவுடையது. கலீசியாவில் வேர் தேடுகிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்தச் சுவரில் முட்டிக்கொள்வார்கள்.

இங்கே ஆவணக்காப்பகம் ரகோவிட்ஸ்கா தெருவில் புதுக் கட்டடத்தில் இருக்கிறது. கிராக்கோவ் நகரின் 1880, 1890, 1900, 1910 சென்சஸ் தாள்கள் அப்படியே பிழைத்திருக்கின்றன. பெரும்பாலான ஊர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை, புள்ளிவிவரம் எடுத்ததும் தாள்கள் போய்விட்டன. இந்த ஆஸ்திரிய சென்சஸ்கள் எல்லாம் டிசம்பர் 31 நிலவரம். இந்தத் தாள்களை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். இருந்தாலும் பிறப்பு, கல்யாணப் பதிவேடுகளையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் கேட்க ஆளோடு உட்கார்ந்தால் வேலை நடக்கும் வேகமே வேறு. வாசகசாலையில் உதவிய அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், ஆனால் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்பது கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறது.

1880. எட்டாவது வட்டம், காசிமியெஷ், யூசெஃபா தெரு. தலைவர் ‘க’, பழைய துணி வியாபாரி, பிறந்த ஊர் தார்னுவ். மனைவி, பிறந்த வீட்டுப் பெயர் ‘ப’. பிள்ளைகள்: 6 வயதில் ஒரு பையன், 3 வயதில் ஒரு பையன். இருவருக்கும் குடும்பப் பெயர் ‘க’.

1890. அதே தெரு, வேறு வீடு. அதே ‘க’. அதே மனைவி, ஆனால் இந்த முறை அவளும் பிள்ளைகளும் ‘ப’. பெரியவனுக்கு 16, அடுத்தவனுக்கு 13, 7 வயதில் ஒரு பெண். முதல் தாளை நிரப்பியவர் ஊருக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறார், இரண்டாவது தாளை நிரப்பியவர் பிறப்புப் பதிவேட்டில் இருந்ததை எழுதியிருக்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை.

வீட்டில் பேசும் மொழி: போலிஷ். அத்தை கொதித்துப் போய்விட்டார். ‘தாத்தாவுக்குப் போலிஷ்ல ஒரு வார்த்தை தெரியாது, யித்திஷ்தான் பேசுவார்!’ யித்திஷ் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழி, ஆனால் அப்படி எழுத அனுமதியே கிடையாது, அரசு ஒப்புக்கொண்ட மொழிப் பட்டியலில் அது இல்லை. 1910-ல் பிடிவாதமாக யித்திஷ் என்று எழுதியவர்களுக்கு அபராதம்கூட விழுந்தது. அந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டு கலீசியாவில் இத்தனை லட்சம் பேர் போலிஷ் பேசினார்கள் என்று கணக்குச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

அடுத்து 1877 பிறப்புப் பதிவேடு, சின்னப் பையனுடையது. தடித்த புத்தகம், இரண்டு பக்கமும் விரித்தால் மேசை முழுக்க. எண், தேதி, தெரு, வீட்டு எண், விருத்தசேதனத் தேதி, ஆணா பெண்ணா. அப்புறம் முறைப்படியா முறை தவறியா என்று இரண்டு கட்டங்கள், கோடு விழுந்திருப்பது இரண்டாவதில். அப்பாவின் கட்டம் காலி. ஆனால் கடைசியில் குறிப்புக்கான அகலமான கட்டத்தில், வெளிறிய பழுப்பு மைக்கு நடுவே கன்னங்கரேலென்று வேறு கையெழுத்தில் நாலு வரி. உதவிய அம்மா ஒவ்வொரு சொல்லாகப் பென்சிலால் எழுதிக் காட்டினார்: பெற்றோர் 1895-ல் சட்டப்படி மணம் செய்துகொண்டதால் குழந்தை முறைப்படி பிறந்ததாக ஏற்கப்படுகிறது, தந்தை ‘க’. 1874 பதிவிலும் அதே குறிப்பு.

1895 கல்யாணப் பதிவேட்டை எடுப்பது அப்புறம் அரை மணி நேர வேலை. மணமகன் வயது 47, மணமகள் 44. மூன்று பிள்ளைகள், மூத்தவன் கப்பலேறி லண்டனுக்கே போய்விட்டான், இப்போது மாப்பிள்ளையும் பெண்ணும்! அவர் போலிஷ் எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவள் எபிரேய எழுத்தில், மிகச் சின்னதாக, கோட்டுக்குக் கீழே இறங்கிப்போய். ஏன் அந்த வயதில் இதைச் செய்தார்கள் என்று பதிவேடு சொல்லாது. பொதுவாகச் சொத்து, பென்ஷன், பிள்ளைக்கு ராணுவ அழைப்பு, வெளிநாடு போகக் காகிதம் என்று ஏதாவது நெருக்கடி வரும்போதுதான் கிழவன் கிழவி பதிவாளர் முன் போய் நிற்பார்கள்.

ஆக முடிச்சு இங்கே அவிழ்கிறது. மூத்தவன் 1895-க்கு முன்பே கிளம்பியவன், அவன் பையில் இருந்த காகிதத்தில் அம்மா பெயர். இளையவன் 1900 வாக்கில் கிளம்பியவன், அதற்குள் பதிவேடு திருத்தப்பட்டுவிட்டது, அவன் காகிதத்தில் அப்பா பெயர். ஒரே வயிற்றில் பிறந்த இருவர் லண்டனில் இரண்டு பெயரோடு இறங்கினார்கள். வாடகைக்கு இருந்தவர் கூடப் பிறந்த தம்பி.

‘அப்போ எனக்கும் லீட்ஸ்காரருக்கும் என்ன முறை?’ என்றார் அத்தை. பங்காளி என்றேன். விளக்கினேன். ‘பங்காளின்னா சண்டை போடணுமா?’ என்றார். கட்டாயமில்லை, ஆனால் வழக்கம் என்றேன்.

தேடுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. விஸ்துலா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் போட்குஷே 1915 வரை தனி நகரம், கிராக்கோவ் தாள்களில் கிடைக்காதவர்கள் பாலத்தைத் தாண்டிப் போய் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். கலீசியாவின் கிழக்குப் பகுதி, அதாவது இன்றைய உக்ரைன் பக்கத்து ஊர்கள் என்றால் பதிவேடுகளில் ஒரு பெரும்பகுதி வார்சாவில் துவுகா தெருவில் இருக்கும் பழைய ஆவணங்களின் மையக் காப்பகத்தில். போலந்துச் சட்டப்படி பிறப்புப் பதிவு 100 ஆண்டும் கல்யாணம், இறப்புப் பதிவு 80 ஆண்டும் கழித்துத்தான் காப்பகத்துக்கு வரும்.

வியாழன், தார்னுவ்

ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இங்கே வந்ததற்குக் காரணம் 1890 தாளில் 7 வயதாக இருந்த அந்தப் பெண். அத்தைக்குத் தாத்தாவின் தங்கை ஒருத்தி இருந்ததே நேற்றுத்தான் தெரியும்.

நேற்று இரவு ஓட்டலில் எருசலேமில் உள்ள யாத் வாஷேம் நிறுவனத்தின் பெயர்த் தொகுப்பில் தேடினோம். நாஜிகள் காலத்தில் கொல்லப்பட்ட யூதர் ஒவ்வொருவருக்கும் உறவினர்கள் ஒரு சாட்சித் தாள் நிரப்பிக் கொடுக்கலாம், 1950-களிலிருந்து சேர்ந்துகொண்டே வருகிறது. எழுத்து மாறினாலும் ஒலி ஒத்துப்போனால் பிடித்துக்கொடுக்கும் தேடல் இருப்பதால் பிழைத்தோம், அந்தக் குடும்பப் பெயரை மட்டும் ஐந்தாறு விதமாக எழுதியிருக்கிறார்கள். கிடைத்தது. பிறந்த ஊர் கிராக்கோவ், வாழ்ந்த ஊர் தார்னுவ், கணவன் பெயர், பிள்ளைகள் இருவர், இறந்த ஆண்டு 1942. தாயின் பிறந்த வீட்டுப் பெயர் என்ற கட்டத்தில் ‘ப’. கீழே, தாளை நிரப்பியவர்: லண்டனில் ஒரு பெண், குடும்பப் பெயர் ‘க’. இறந்தவருக்கு என்ன உறவு என்ற கேள்விக்குப் பதில், அண்ணன் மகள்.

வாடகைக்காரரின் மகள் தன் அத்தைக்காக நிரப்பியிருக்கிறாள். அவளுக்குப் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் ‘ப’ என்பதும் தெரிந்திருக்கிறது. எங்கள் பக்கம் யாரும் அப்படி ஒரு தாள் எழுதவில்லை. அத்தை அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

போருக்கு முன் தார்னுவில் சுமார் 25,000 யூதர்கள், ஊரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பழைய தொழுகைக்கூடத்தை 1939 நவம்பரில் ஜெர்மானியர்கள் எரித்தார்கள். அதன் நடுமேடை மட்டும் இன்னும் நிற்கிறது, நாலு பருத்த செங்கல் தூண்கள், மேலே பின்னாளில் போட்ட கூரை. பக்கத்தில் பிள்ளைகள் ஸ்கேட்போர்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1942 ஜூனில் ஒரு பகுதி மக்களைப் பெவ்ஜெட்ஸ் கொலை முகாமுக்கு ஏற்றினார்கள், மீதிப் பேரில் பல ஆயிரம் பேரை ஊர்ச் சதுக்கத்திலும் யூதக் கல்லறையிலும் பக்கத்துக் காட்டிலும் வைத்தே சுட்டார்கள். கல்லறைத் தோட்டத்தின் அசல் இரும்புக் கதவு இப்போது வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆஷ்விட்ஸ் கொலை முகாமைப் பார்க்கப் போகவில்லை. ஓட்டலில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டார்கள், அத்தை வேண்டாம் என்றுவிட்டார்.

வெள்ளி, காசிமியெஷ்

காலையில் யூசெஃபா தெரு. 1880 தாளில் இருந்த வீடு எதுவென்று உறுதியாகச் சொல்வதற்குள் தெரு எண்களையும் பழைய பதிவு எண்களையும் ஒப்பிட்டு மண்டை காய்ந்தது. கீழ்த்தளத்தில் இப்போது காதணி விற்கும் கடை. ரெமு தொழுகைக்கூடத்துக் கல்லறையிலும் குடுவைகள் நிறைய. பிளாட்ஸ் நோவி சதுக்கத்தில் காளான் போட்டுச் சுட்ட ஸபியெகாங்கா ரொட்டி வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

மூன்று மணிக்கு, வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்கும்முன் பேசிவிட வேண்டும் என்று, அத்தை லீட்ஸுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். எதிர்முனையில் இவர் வயதே இருக்கும் ஒரு குரல். அத்தை மூச்சுவிடாமல் 1880, 1890, 1895 எல்லாவற்றையும் அடுக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘ஆமா, அண்ணன் தம்பிதானே, எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியுமே’ என்றார்!

பிறகு அவர் சொன்னது. 1914 ஆகஸ்டில் பிரிட்டன் ஆஸ்திரியா மேல் போர் அறிவித்ததும் குடியுரிமை வாங்காத தம்பி ஒரே நாளில் எதிரி நாட்டவர். போலீஸில் பதிய வேண்டும், பிறகு பிடித்துக்கொண்டு போய் மேன் தீவு முகாமில் போட்டுவிட்டார்கள். அண்ணன் குடியுரிமை வாங்கியவர், அதோடு வேறு குடும்பப் பெயர், அக்கம்பக்கத்தில் யாருக்கும் உறவு தெரியாது. அவர் முகாமுக்கு ஒரு முறைகூடப் போகவில்லை, கடிதமும் இல்லை. கேட்டவர்களிடம் ‘முன்னாடி நம்ம வீட்டுல வாடகைக்கு இருந்தவர்’ என்றாராம். தம்பி திரும்பி வந்தபின் சாகும்வரை பேசவில்லை. ‘எங்க தாத்தாகிட்ட உங்க தாத்தா அப்பவே வாடகை வாங்கினது உண்மைதான், அதையும் சொல்லிச் சொல்லித் திட்டுவார்’ என்றார்.

அத்தை தாத்தாவுக்காக வாதாடுவார் என்று நினைத்தேன். ‘பயந்திருப்பார்’ என்று மட்டும் சொன்னார். அவரும் ‘இருக்கலாம், அப்போ ஜெர்மன் பேர் வச்ச கடைகளை உடைச்சாங்க இல்லையா’ என்றார். 1915-ல் ஜெர்மானியர்கள் லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை மூழ்கடித்தபோது கிழக்கு லண்டனில் அப்படி நடந்தது, யூதர் கடைகளும் சேர்ந்தே அடிபட்டன. கோழையா கெட்டிக்காரரா என்று நானும் இரவு முழுக்க யோசித்தேன், நாலு குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் இருந்தவரைத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் போரெல்லாம் முடிந்தபின்னும் போய்ப் பார்க்காததற்குச் சாக்குக் கிடையாது.

லீட்ஸ்காரரிடம் அந்தக் கொள்ளுப்பாட்டியின், கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவளின், புகைப்படம் ஒன்று இருக்கிறதாம். அவருக்கு 1895 பதிவேட்டின் படம் வேண்டுமாம், அந்த அண்ணன் தம்பியின் பெற்றோருக்குச் சட்டப்படி கல்யாணம் நடந்ததே அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாதாம். இரண்டையும் நேரில் பார்த்து மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. எங்கே என்பதில்தான் இழுபறி. அவருக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது, லீட்ஸுக்கு வாருங்கள் என்கிறார். அத்தை போனை வைத்ததும் என்னிடம் திரும்பி, ‘அவர்தான் லண்டன் வரணும், எங்க தாத்தாதான் மூத்தவர்’ என்றார். நான் லீட்ஸுக்கு இரண்டு டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் சொல்லவில்லை.